ஒரு கையில் வார், மறு கையில் கேமரா: கறுப்பு நாயோடு பயணம் போகிறவர்கள் எப்படிப் படம் எடுக்கிறீர்கள்?

மிளகின் ஆள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாயின் பெயர் மிளகு. ஆறு வயது, இருபத்திரண்டு கிலோ. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை கறுப்பு. மார்பில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. இன்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாத கலப்பு. கேமரா அவனுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தது. நாள் முழுக்கக் கணக்கேடுகளைப் பார்க்கும் வேலை எனக்கு. கழுத்து வலிக்காக மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தால் மிளகு வருவான். சும்மா நடப்பதற்கு எதையாவது பார்த்துக்கொண்டே நடக்கலாமே என்று மூன்று வருடத்துக்கு முன் யாரோ பயன்படுத்திய கேமரா ஒன்றை வாங்கினேன். அது பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கமோ கடல்பக்கமோ மூன்று நான்கு நாள் போய்விடுகிறோம். நான், அவன், கேமரா.

சிக்கல் விடியற்காலையில் தொடங்குகிறது. சூரியன் எழுந்த முதல் அரைமணிதான் எனக்கு வேண்டிய வெளிச்சம். அதே அரைமணியில்தான் அவனுக்கும் தலைபோகிற வேலைகள். ஒவ்வொரு புதரடியிலும் அவனுக்கு ஒரு வழக்கு விசாரணை இருக்கிறது. தீர்ப்பு எழுதாமல் நகர மாட்டான். நான் நிற்கச் சொல்லும் இடத்திலோ அவனுக்கு ஒரு நொடி வேலைகூட இருப்பதில்லை.

போன பயணத்தில் ஒரு ஏரிக்கரை. தண்ணீர்மேல் பனி நின்றுகொண்டிருந்தது. கேமரா முக்காலியை நட்டுவிட்டு, ஒரு நிமிடம்தானே என்று வாரை முக்காலியின் காலில் மாட்டினேன். நாணலுக்குள்ளிருந்து ஒரு நாரை கிளம்பியது. மிளகு கிளம்பினான். முக்காலியும் கிளம்பியது. கேமரா புல்லில் விழுந்ததால் பிழைத்தது, லென்ஸின் முன்விளிம்பு நசுங்கிவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் முக்காலியைக் கண்டாலே வாலை இடுக்கிக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டான். மூன்று கால் பிராணி ஒன்று தன்னைத் துரத்தி வந்ததாக நினைத்திருப்பான். அவன் இடத்திலிருந்து பார்த்தால் நடந்ததும் அதுதானே.

அடுத்தது நிறம். என் படங்களில் மிளகு, காது முளைத்த கரித்துண்டுபோல் இருக்கிறான். கண் எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டினால் அவன் சாம்பல் பூத்துப்போகிறான், பின்னால் இருக்கும் புல் வெளுத்துப்போகிறது.

ஒரு மாலை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். போன பயணத்தில் எடுத்தவை 312 படங்கள். அவற்றில் 190 படங்களில் தெரிவது அவன் பின்புறம். வாலைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறான்.

நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ப் படம் எடு என்கிறான் தம்பி. ஒருமுறை அப்படியும் போய்ப் பார்த்தேன். என்னிடம் உள்ளவற்றிலேயே கூர்மையான படங்கள் அந்தப் பயணத்தில் எடுத்தவை. அந்தக் கோப்புறையை நான் திரும்பத் திறக்கவே இல்லை. ஆகவே அந்த யோசனை வேண்டாம். மற்றவை எல்லாம் சொல்லுங்கள்.

பழைய பிலிம்சுருள் எழுதியது:

தம்பி, மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள். நான் கறுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நாற்பது வருடத்தில் மூன்று கறுப்பு நாய்கள் வளர்த்தவன்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு நாயும் தெரியாது, புல்லும் தெரியாது. எதிரே இருப்பதையெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பழைய பாடங்களில் இதை 18 சதவீதச் சாம்பல் என்பார்கள். உங்கள் மிளகு படச்சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘ஐயோ இருட்டு’ என்று அது ஒளியை அள்ளிக் கொட்டும். அப்போதுதான் அவன் சாம்பல் பூக்கிறான். அவனே பெரிய புல்வெளியில் சிறியதாக நின்றால், ஒளிமானி புல்லை வைத்து முடிவெடுக்கும். அப்போது அவன் கரித்துண்டு ஆகிறான். இரண்டும் நேரெதிர்த் தவறுகள். கறுப்பு நாய்க்கு ஒரு ஸ்டாப் குறை, அதாவது ஒளியைப் பாதியாக்கு, என்று எங்கேயோ படித்துவிட்டு எல்லாப் படத்திலும் குறைப்பவர்கள் பாதிப் படத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். முகம் சட்டத்தை நிறைத்தால் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள். சிறியதாக நின்றால் கூட்டுங்கள், ஆனால் வானமும் புல்லும் வெளுத்துவிடாத அளவுக்கு மட்டும். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பாக, எடுத்தால் இருட்டுக்குள்ளிருந்து பிறகு விவரத்தைத் தூக்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

இதைவிட முக்கியம் அவனை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது. உச்சிவெயிலில் எந்தக் கணக்கும் பலிக்காது. மரநிழலின் விளிம்பில், முகம் திறந்த வானத்தைப் பார்க்க உட்கார வையுங்கள். வானம் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். கறுப்பு நாயின் படத்துக்கு உயிர் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. அது விழவில்லையென்றால் பொத்தானை அழுத்தாமல் காத்திருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் மயிர் இழையிழையாகத் தெரியும். கறுப்பு மயிர் பளபளப்பானது. மேகமூட்டமான நாளில் முதுகில் நீலம் ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் அவனுக்கு நம்மைவிட நன்றாகக் கண் தெரிவதற்கு அது ஒரு காரணம். படத்தில் கண்கள் பச்சைப் பிசாசாக எரிவதற்கும் அதுதான் காரணம்.

குவியம் (ஃபோகஸ்) எப்போதும் கண்ணில். எஃப் 1.8 லென்ஸ் வைத்திருக்கிறோம் என்ற பெருமையில் அதை முழுக்கத் திறந்து வைத்தால், கண் கூர்மையாகும், மூக்கு கரைந்துபோகும். நாய்க்கு நம்மைப்போல் தட்டை முகமில்லை. மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே நல்ல தூரம். எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறுத்து, கூர்மை முன்னும் பின்னும் பரவும். எஃப் 4, எஃப் 5.6 போதும்.

சாம்பல் நிற நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை எதுவுமே கிடையாது. அமெரிக்கக் கலைஞர் வில்லியம் வெக்மன் 1970களிலிருந்து வைமரானர் நாய்களைப் படமெடுத்தே பெயர் பெற்றார். முதல் நாய்க்கு மேன் ரே என்று ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் பெயரையே வைத்தார். உடம்பு முழுக்கச் சாம்பல்! ஒளிமானியோடு சண்டையே போட்டிருக்க மாட்டார் என்று எனக்கு ஒரு பொறாமை. ஒளிப்படக் கலைஞர் எலியட் எர்விட் வேறு வகை. தெருவில் எதிர்ப்படும் நாயைப் பார்த்துத் தானே குரைப்பாராம். 1974இல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், பக்கத்தில் பெரிய நாயின் முன்னங்கால்கள் மட்டும், ஓரத்தில் தொப்பி போட்ட குட்டி நாய். கேமரா அந்தக் குட்டி நாயின் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. முழங்கால் தேய்ந்தாலும் நீங்களும் இறங்குங்கள்.

வால் வாத்தியார் எழுதியது:

நாய்களுக்குப் பயிற்சி தருவது என் தொழில். கேமரா பற்றி ஒன்றும் தெரியாது, ஆகவே தைரியமாகப் பேசுகிறேன்.

வாரை முக்காலியில் கட்டக்கூடாது. நாற்காலியில், பையில், எதுவெல்லாம் கூடவே இழுபடுமோ எதிலும் கட்டக்கூடாது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டை கிடைக்கிறது, இரண்டு கையும் விடுபடும். அதோடு கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு மார்போடு சேர்த்துப் பூட்டும் பட்டைக்கு மாறுங்கள். திடீரென்று பாய்ந்தால் அதிர்ச்சி தொண்டையில் இறங்காது. ஆனால் செங்குத்தான சரிவிலும் வழுக்குப் பாறையிலும் இடுப்பு வாரைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். இருபத்திரண்டு கிலோ பாய்ந்தால் நீங்களும் நாரைக்குப் பின்னால் போவீர்கள்.

பாதி நடை அவனுடையது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாகக் கிளம்பி, அவன் வழக்குகளை எல்லாம் விசாரித்து முடிக்க விடுங்கள். அதுவரை கேமரா பையைவிட்டு வெளியே வரக்கூடாது. மோந்து பார்த்து முடித்த நாய் தானாகவே அடங்கும். அடங்காத நாயை இரு, இரு என்று அதட்டிக்கொண்டிருப்பது இருவருக்கும் தண்டனை.

ஒரு துண்டைப் பழக்குங்கள். பழைய துண்டு, வீட்டு வாசனை உள்ளது. வீட்டிலேயே தரையில் விரித்து, அவன் அதன்மேல் கால் வைத்ததும் ஒரு தின்பண்டம், படுத்ததும் இன்னொன்று. ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிடம் என்று மெதுவாக நீட்டுங்கள். நீங்கள் ஓரடி விலகுவது, திரும்பி நிற்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு மாதத்தில் துண்டு என்றால் படுக்கை என்று மனத்தில் பதிந்துவிடும். பிறகு அதே துண்டை எந்த ஏரிக்கரையில் விரித்தாலும் அவனுக்கு அது வீடு. இடுப்பு வார் அப்போதும் பூட்டியே இருக்கட்டும்.

முக்காலிப் பயத்துக்கு அவசரப்படாதீர்கள். மடக்கிய முக்காலியை அவன் இருக்கும் அறையில் தரையில் கிடத்திவிட்டு மறந்துவிடுங்கள். அதைச் சுற்றித் தின்பண்டத்தை இறைத்து வையுங்கள். அவனாக வந்து மூக்கை வைக்கும் நாளுக்குப் பிறகுதான் ஒரு காலை நீட்டுவது. அவனை அதன் பக்கம் இழுத்துக்கொண்டு போய், பாரு, ஒன்றுமில்லை என்று காட்டுவதெல்லாம் நமக்கு ஆறுதல், அவனுக்கு இல்லை.

இன்னொன்று. பெரிய லென்ஸ் என்பது நாய்க்கு உற்றுப் பார்க்கும் ஒற்றைக் கண். அதைக் கண்டதும் முகத்தைத் திருப்புவான், உதட்டை நக்குவான், கொட்டாவி விடுவான். வெட்கப்படுகிறான் என்று வீட்டில் சிரிப்பார்கள். வெட்கமில்லை, பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்கிறான். கேமராவை இறக்கிவிடுங்கள். படத்துக்காகப் பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். சும்மா கூப்பிட்ட பேருக்கு ஆபத்தில் திரும்ப மாட்டான். நாக்கால் ஒரு புதுச் சத்தம் போடுங்கள், காது நிமிரும். அது ஒரு நொடிதான் நிற்கும், மூன்றாம் தடவை நிமிரவே நிமிராது. சட்டத்தையெல்லாம் சரிசெய்து வைத்துக்கொண்டு கடைசியில் சத்தம் போடுங்கள்.

கைப்பேசிக்காரன் எழுதியது:

எல்லாரும் பெரிய கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓடும் நாய் என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம், தொடர் படப்பிடிப்பு, அவன் உங்களை நோக்கி ஓடி வரும்படி வேறொருவர் பிடித்து விடுவது. அவ்வளவுதான், பின்புறப் பிரச்சினை தீர்ந்தது. உட்கார்ந்திருக்கும் நாய்க்குக் கைப்பேசி போதும். என் படங்களில் முக்கால்வாசி அதில் எடுத்தவைதான்.

ஓரமாக நிற்பவர் எழுதியது:

நான் படம் எடுப்பவனில்லை, நாய் வளர்ப்பவன். ‘காரில் போகிறோம்’ என்று படித்ததும் சொல்லத் தோன்றியது. சூரியன் மறைவதைப் பத்து நிமிடம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று நாயைக் காருக்குள் விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே 24 டிகிரி செல்சியஸ் என்ற இதமான நாளிலேயே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34ஐத் தொடும், அரைமணியில் 43. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நாய்க்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும்தான். மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், உள்ளே இருக்கும் காற்றே சூடு என்றால் அதுவும் முடியாது.

நாக்கு முழுக்க வெளியே தொங்க, வாய் காதுவரை விரிந்த நாய்ப் படத்தைப் போட்டு, பாருங்கள் எப்படிச் சிரிக்கிறான் என்று எழுதுகிறார்கள். நடுப்பகலில் எடுத்த படமென்றால் பெரும்பாலும் அது சிரிப்பாக இருக்காது. முதலில் தண்ணீர் கொடுங்கள், நிழலுக்குக் கூட்டிப்போங்கள்.

அந்த நாரைக்காகவும் ஒரு வார்த்தை. கரையோரத்தில் கூடு கட்டும் பறவைகள் நாயைக் கண்டால் முட்டையை விட்டு எழுந்துபோகும். அந்தப் பருவத்தில் வாரைக் குட்டையாகப் பிடியுங்கள், அல்லது வேறு கரையைப் பாருங்கள்.

மிளகின் ஆள் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. பழைய பிலிம்சுருள் ஐயா, நான் தம்பி இல்லை. நாற்பத்தெட்டு வயதுப் பெண்.

கைப்பேசி நண்பருக்கு: பிடித்து விட வேறொருவர் இருந்தால் நான் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன்! ஓரமாக நிற்பவர் சொன்னதைப் படித்ததும் என் பழைய படங்களுக்குள் போய்ப் பார்த்தேன். நான் மிகவும் ரசித்து அச்சுப் போட்டு மேசைமேல் வைத்திருந்த சிரிக்கும் மிளகு, பிற்பகல் ஒன்றே காலுக்கு எடுத்தது. நிழல் அவன் வயிற்றுக்கு நேர் கீழே கிடக்கிறது. படத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

துண்டைப் பழக்கினேன். வீட்டில் இரண்டே வாரத்தில் அசத்தினான். மூன்று நிமிடம் அசையாமல் படுத்தான். பயணத்தில் முதல் நாள் அதே துண்டை விரித்தேன். அதை மோந்து பார்த்துவிட்டு, இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தாண்டிப் போனான். இரண்டாம் நாள் ஈரப்புல்லில் என் கால்செருப்பு ஒன்று வழுக்கிக் கழன்று துண்டின்மேல் விழுந்தது. உடனே வந்து அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டான். செருப்பை எடுத்தேன், எழுந்தான். வைத்தேன், படுத்தான். ஆக இப்போது ஒப்பந்தம் இதுதான்: அவனுக்குத் துண்டும் என் வலது செருப்பும், எனக்கு முக்காலியும் வலது காலில் பனியும். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

முக்காலிப் பயம் முழுக்கப் போகவில்லை. மடக்கிக் கிடந்தால் கவலையில்லை. கால்களை விரிக்கும்போது வரும் ‘டக்’ சத்தத்துக்கு மட்டும் இன்னும் ஒரு காது பின்னால் மடிகிறது. ஆகவே அவனிடமிருந்து பத்தடி தள்ளிப்போய் விரித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், வெளிச்சம் வருவதற்குச் சற்று முன். வேறொரு ஏரி, மறுபடியும் பனி. தண்ணீர் பட்டுப்போல் வரட்டும் என்று ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்தேன். மிளகு கரையோரம் துண்டில் தண்ணீரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆமாம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். உடம்பு கல்லில் செதுக்கியதுபோல் கூர்மையாக வந்திருக்கிறது. அந்த இரண்டு நொடிக்குள் எங்கேயோ நாணல் சலசலத்திருக்க வேண்டும், இடது காதை மட்டும் திருப்பியிருக்கிறான். படத்தில் அவனுக்கு மூன்று காதுகள். இரண்டு கறுப்பாக, நடுவில் ஒன்று பனிநிறத்தில் பாதி கரைந்து. இதை யாரிடமாவது காட்டினால் முதலில் ஆட்டம் கண்டுவிட்டது என்கிறார்கள். தம்பி அப்படித்தான் சொன்னான். பிறகு கைப்பேசியைத் திரும்பக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

முகப்படமும் ஒன்று கிடைத்தது. மரநிழல் விளிம்பு, முக்கால் ஸ்டாப் குறைவு, எஃப் 5.6, நான் வயிற்றில் படுத்துக்கொண்டு. கண்ணில் அந்தப் புள்ளி விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிக்குள் வானமும், வானத்துக்குக் கீழே கரும்பொட்டாக நானும் தெரிகிறோம். புருவத்தில் நான்கு நரைமயிர் இருப்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு வயதில் நரைக்குமா என்று வால் வாத்தியாரைக் கேட்க வேண்டும்.

அந்தப் படத்துக்கு அடுத்த படத்தில் மூக்குத் துவாரம் மட்டும் இருக்கிறது. அதற்கு அடுத்தது வெறும் மங்கல். லென்ஸின் முகத்தை ஓரம்விடாமல் நக்கியிருக்கிறான். காய்ந்து வட்ட வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதால் துடைப்பது? சட்டை நுனி கையில் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

வால் வாத்தியார் எழுதியது:

நரைக்கும். சிலதுக்கு நான்கு வயதிலேயே வாயைச் சுற்றி வெளுக்கத் தொடங்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. லென்ஸை நக்கினானா? அப்படியானால் ஒற்றைக் கண் பயம் போய்விட்டது.

பழைய பிலிம்சுருள் எழுதியது:

தங்கையே, மன்னிக்கவும். எனக்கு அறுபத்தேழு.

சட்டை நுனியை உடனே கீழே விடுங்கள். முதலில் ரப்பர் ஊதியால் தூசியையும் மணலையும் ஊதித் தள்ளுங்கள். கண்ணாடியில் கீறல் விழுவது எச்சிலால் இல்லை, அதோடு ஒட்டியிருக்கும் மணலால்தான். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவம் இரண்டு சொட்டு. கண்ணாடிமேல் விடாமல் மென்துணியில் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, அழுத்தாமல் துடையுங்கள். நசுங்கிய விளிம்பை நிமிர்த்தித் தர ஆள் கிடைத்தால் முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடி வடிகட்டி (ஃபில்டர்) மாட்டிவிடுங்கள். அவன் அதை நக்கிக்கொள்ளட்டும்.

மூன்று காதுப் படத்தை இங்கே போடுங்கள்.